உறுப்பினர் ஏடும் ஓர் அறிவியற் சங்கமும்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் எண் பேருந்தில் ஏறித் திருவரங்கம் செல்வோர், காவிரிப் பாலத்தைக் கடந்ததும் திருவானைக்காவலைத் தாண்டியே செல்வர். நம் சங்கத்து இளைஞர் பலர் கல்லூரிக்கும் வேலைக்கும் நாள்தோறும் சென்று மீளும் வழி அது. அவ்வூரில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், 1888-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் பிறந்தவர் சர் சி. வி. இராமன். அவர் தந்தையார் சந்திரசேகர ஐயர் திருச்சியில் ஆசிரியப் பணி புரிந்தவர். 1892-இல் அவர் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் பணியேற்கவே, குழந்தை இராமனும் காவிரிக் கரையை விட்டு அகன்றார். 1928 பிப்ரவரி 28 அன்று அவர் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவையும், 1930-இல் அவர் பெற்ற நோபல் பரிசையும் பள்ளிச் சிறாரும் அறிவர். அவற்றைத் திரும்பக் கூறுதல் நம் நோக்கமன்று.

அவ்விளைவு எவ்விடத்தில் கண்டறியப்பட்டது என்பதை மட்டும் இளைஞர்கள் மனத்திற்கொள்ளல் வேண்டும். அது அரசாங்க ஆய்வுக்கூடமன்று. பொதுமக்களிடம் நன்கொடையும் சந்தாவும் தண்டி நடத்தப்பெற்ற ஒரு சங்கத்தின் கட்டடம் அது. தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு, ஆண்டுப் பொதுக்கூட்டம், உறுப்பினர் ஏடு ஆகிய யாவும் உடைய, அமைப்பளவில் நம் சங்கத்தைப் போன்றதொரு சங்கம். அதன் மதிப்புறு செயலாளராக 1919 முதல் பல்லாண்டு பணியாற்றி, அதன் பெயரை உலகறியச் செய்தவர் இராமன். அவரே 1934-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அதே சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பெரும்பான்மை இழந்து வெளியேற நேர்ந்தது. பூசலின் நடுவில் நின்றது உறுப்பினர் ஏடு.

இவ்வெள்ளிவிழா ஆண்டில் நம் கல்விச் சங்கம் தன் விதிகளைத் திருத்தும் பணியை மேற்கொண்டிருக்கிறது. யார் உறுப்பினராகலாம், சந்தா எவ்வளவு, வாக்குரிமை எப்போது தொடங்கும் என்பன குறித்து நம்மிடையே நடந்த வாதங்கள் சில மாலைகளில் சூடேறியதும் உண்டு. பட்டம் பெற்றோர்க்கே உறுப்புரிமை என்பார் ஒரு சாரார். நம் குடியிருப்புகளில் வாழும் அனைவர்க்கும் என்பார் மற்றொரு சாரார். அவ்வாறு திறந்துவிட்டால் தேர்தலுக்கு முதல் வாரத்தில் மாமன் மைத்துனன் எல்லாரையும் அழைத்து வந்து சங்கத்தையே ஒரு வீட்டார் கைக்கொள்வர் என்று அஞ்சுவோரும் உளர். மூன்று பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆயின் இவ்வழக்கை முதன்முதலில் கண்டவர் நாம் அல்லர் என்பதை அறிந்தால் சூடு சற்றே தணியும். அதன்பொருட்டே கல்கத்தாச் சங்கத்தின் வரலாற்றை ஈண்டு எழுதலானோம்.

இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் என்று தமிழிற் கூறத்தக்க அச்சங்கத்தை நிறுவியவர் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார். 1833-இல் ஹௌரா மாவட்டத்துச் சிற்றூரொன்றிற் பிறந்தவர். உழவர் குலமாகிய சத்கோப் வகுப்பினர். இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமன்மார் வீட்டில் வளர்ந்தவர். 1863-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் உயர்பட்டம் பெற்றார். அப்பட்டம் பெற்றவருள் அவர் இரண்டாமவர். பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளையில் துணைத்தலைவர் பதவியும் வகித்தார். 1867-இல் அச்சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலேயே எழுந்து, நடைமுறை மருத்துவத்தின் குறைகளை எடுத்துரைத்து ஓமியோபதி முறையை ஆதரித்துப் பேசினார். அம்முறை சரியா தவறா என்பது வேறு வழக்கு. இன்றைய அறிவியல் அதனை ஏற்கவில்லை. ஆயினும் அன்று உடன்தொழிலர் அவரோடு வாதிடவில்லை. அவரை விலக்கி வைத்தனர். ஊர்விலக்கு என்பதன் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கற்றறிந்தோர் சங்கத்திலும் அது நிகழும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

விலக்கப்பட்டவர் வீட்டில் முடங்கவில்லை. இந்தியர் தம் பணத்தாலும் தம் நிர்வாகத்தாலும் நடத்தும் அறிவியல் நிலையம் ஒன்று வேண்டும் என்று 1869-இல் தம் இதழில் எழுதினார். சேசு சபைக் குருவாகிய இலாஃபோன் அடிகளார் துணை நின்றார். ஆண்டுகள் பல நன்கொடை திரட்டி, 1876 ஜூலைத் திங்களில் சங்கம் தொடங்கப்பெற்றது. மாலை வேளைகளில் இயற்பியல், வேதியியல் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. விசயநகரம் மகாராசா பொருளுதவியால் ஆய்வுக்கூடமும் எழுந்தது. செல்வர்கள் பெயர் கொடுத்தனர், பணமும் கொடுத்தனர், ஆய்வு செய்யத்தான் எவரும் வரவில்லை. ஆய்வுக் கருவிகள் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. தாம் எண்ணியது கைகூடவில்லை என்ற மனக்குறையோடே சர்க்கார் 1904-இல் மறைந்தார். உறுப்பினர் பட்டியலில் பெரிய பெயர்கள் நிறைந்திருந்தும் ஆய்வுக்கூடம் வெறிச்சோடிக் கிடந்த அந்த முப்பதாண்டை நம் இளைஞர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். புரவலரை மட்டும் சேர்த்துக்கொண்டு வேலை செய்வோரைச் சேர்க்க மறந்த சங்கங்கள் நம் ஊரிலும் உண்டு. விழா மலர்களில் மட்டும் அவை உயிரோடிருக்கும்.

1907-இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா வந்த பதினெட்டு வயது இளைஞர் இராமன், டிராம் வண்டியிற் செல்லுங்கால் பௌபசார் தெரு 210-ஆம் எண் வாயிலில் அச்சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கண்டார். இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் தே என்னும் உதவியாளர். ஆசு பாபு என்று அழைக்கப்பெற்ற அவர் கல்லூரிப் படியை மிதித்தவரல்லர். அன்று முதல் இராமன் அலுவலகத்திற்கு முன்னும் பின்னும், விடியலிலும் இரவிலும் அங்கே ஆய்வு செய்தார். ஆசு பாபு கால் நூற்றாண்டு காலம் அவர்க்குக் கையாக இருந்தார். இலண்டன் இராயல் சங்கத்தின் ஆய்விதழில் தம் பெயரை மட்டுமே தாங்கிய கட்டுரை ஒன்றையும் அவ்வுதவியாளர் வெளியிட்டார் என்பது பலரறியாச் செய்தி. பட்டதாரிகளுக்கு மட்டுமே இடம் என்று அச்சங்கம் கதவை அடைத்திருக்குமாயின், இராமனுக்குக் கதவு திறக்கவே ஆள் இருந்திரார்!

ஈண்டு ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல நம் மனம் ஒப்பவில்லை. இராமன் கதவைத் தட்டினார், கதவு திறந்தது. அவர் எக்குலத்தவர் என்பது அன்று தடையாக இருக்கவில்லை; ஆங்கிலம் கற்ற அந்தண இளைஞர்க்கு எங்கும் தடையிராது. அவர் பிறந்த அதே 1888-இல் அதே திருவானைக்காவலில் நம் முன்னோர் வீட்டிலும் குழந்தைகள் பிறந்திருக்கும். அக்காலத்து அக்கிரகாரத் தெருக்கள் அக்குழந்தைகளுக்கு அடைத்த தெருக்களே. பள்ளித் திண்ணைகளும் அவ்வாறே. இதனாற் இராமன் பெருமை குன்றுவதில்லை. திறமை ஒரு தெருவில் மட்டும் பிறப்பதில்லை என்பதைத்தான் கூறுகிறோம்.

1919-இல் சர்க்காரின் மகன் அமிர்தலால் மறையவே இராமன் செயலாளரானார். அதன்பின் சங்கம் விழித்தெழுந்தது. ஆய்வு மாணவர் நாடெங்கிலுமிருந்து வந்தனர். தெற்கிலிருந்து வந்தோர் மிகுதி. வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் அவருட் தலைசிறந்தவர். நோபல் பரிசும் வந்தது. வரவேண்டிய புகழெல்லாம் வந்த பின்னரே பூசல் மூண்டது. சங்கம் வங்காளிகள் பணத்தில் வங்காளிகள் கட்டியது, இன்றோ தென்னாட்டார் விடுதியாகிவிட்டது என்ற முணுமுணுப்பு எழுந்தது. செயலாளர் எவரையும் கலந்தாலோசிப்பதில்லை என்ற குறையும் எழுந்தது. இரண்டாவது குறையில் உண்மை இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது. இராமன் தம் எண்ணத்தை எவரிடத்தும் குழைத்துப் பேசும் இயல்பினர் அல்லர்.

1933-இல் அவர் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தின் இயக்குநராகச் சென்றார். அங்கிருந்தபடியே கல்கத்தாச் சங்கத்தின் போக்கையும் தாமே வகுக்க விழைந்தார். அறிவியலில் ஈடுபாடில்லாதோர் பணங்கட்டி உறுப்பினராகிச் சங்கத்தின் போக்கை மாற்றிவிடலாகாது என்று கருதி, உறுப்புரிமையைக் கட்டுப்படுத்தும் வகையில் விதிகளைத் திருத்த முற்பட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். எதிர்த்தரப்பினர் அதற்கு விடையாகச் செய்தது எளிய காரியம்: விதி திருந்துமுன் புதிய உறுப்பினர் பலரைச் சேர்த்தனர். முன்னின்றவர் சியாமா பிரசாத் முகர்ஜி. எந்த ஆசுதோஷ் முகர்ஜி அரசாங்க வேலையிலிருந்து இராமனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவிக்கு அழைத்து வந்தாரோ, அவருடைய மகன் இவர். 1934 ஜூன் திங்களிற் கூடிய கூட்டத்தில் பெரும்பான்மை இராமனுக்கு எதிராக இருந்தது. அவர் தொடர்பை அறுத்துக்கொண்டு சென்றார்.

இந்நிகழ்ச்சியைத் தமிழர் சிலர் வங்காளிகளின் நன்றியின்மை என்று பேசுவர். அஃது அவ்வளவு எளிதன்று. புதிய நிர்வாகம் கிருஷ்ணனை விலக்கவில்லை. மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் என்னும் பதவியில் அத்தமிழரே 1942 வரை இருந்து சிறந்த ஆய்வுகளைச் செய்தார். ஆகவே மொழிப்பகை ஒன்றே காரணமாகாது.

நம் கருத்தில், இருசாராரும் உறுப்பினர் ஏட்டைக் கருவியாகவே கொண்டனர். ஒருவர் அதனைச் சுருக்கித் தம் கைப்பிடியை உறுதி செய்ய எண்ணினார். மற்றையோர் அதனைப் பெருக்கி அக்கைப்பிடியை விடுவித்தனர். உறுப்பினர் பெருக்கம் என்று கணக்கில் எழுதினால் 1934 அச்சங்கத்திற்கு நல்லாண்டாகவே தோன்றும். ஆனால் அன்று பெயர் கொடுத்தவருள் எத்தனை பேர் கூட்டம் முடிந்த பின் ஆய்வுக்கூடத்திற் கால் வைத்திருப்பர்? வாக்குக்காகச் சேர்க்கப்படுவோர்க்கும் வேலைக்காகச் சேர்க்கப்படுவோர்க்கும் ஒரே ஏட்டில்தான் பெயர் எழுதப்படுகிறது. பெயரைப் பார்த்து வேறுபாடு காண இயலாது. நாளைப் பார்த்தால் காணலாம்.

இராமனை எதிர்த்தோர் வரிசையில் அறிவாற்றலால் முதல்வர் மேகநாத சாகா. 1893-இல் டாக்கா மாவட்டத்தில், சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாய்ப் பிறந்தவர். அவர் சாதி வங்காளத்தில் தாழ்ந்ததெனக் கருதப்பட்டது. கல்கத்தா ஈடன் இந்து விடுதியில் தங்கிப் படித்தபோது, உயர்சாதி மாணவர் அவரோடு ஒரே பந்தியில் உண்ண மறுத்தனர். உணவுக்கூடத்தில் தனியே அமர்ந்த அம்மாணவரே 1920-இல் விண்மீன்களின் வெப்பநிலையை அவற்றின் ஒளியிலிருந்து கணிக்கும் சமன்பாட்டைத் தந்தவர். உலகெங்கும் வானியல் மாணவர் இன்றும் அதனைக் கற்கின்றனர். இளைஞர்காள், இப்பெயரை நம் வீட்டுச் சுவர்களில் இராமன் படத்துக்கு அருகில் மாட்டுங்கள்.

சாகா 1944-இல் அக்கல்கத்தாச் சங்கத்தின் மதிப்புறு செயலாளரானார், 1946-இல் தலைவரானார், பின்னர் முழுநேர இயக்குநருமானார். அரசின் நிதியுதவி பெற்று, பௌபசார் தெருவிலிருந்து யாதவபுரத்துக்கு மாற்றி, அதனைப் பெரிய ஆய்வு நிலையமாக வளர்த்தார். 1952-இல் கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாக நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பந்தியிலிருந்து ஒதுக்கப்பட்டவர் விருந்து வைப்பவரானார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயின் நேர்மையாகச் சொல்வதாயின், அவர் வளர்த்ததும் தொழில்முறை அறிவியலாளர்க்கான நிலையமே. மாலைச் சொற்பொழிவுக்கு வந்த எளிய மக்களுக்கான சங்கம் அதற்குள் மெல்ல மறைந்தது.

இனி இராமன் செய்தது: கல்கத்தாப் பூசல் முற்றிய அதே வேளையில் அவர் பெங்களூரில் இந்திய அறிவியற் பேரவையை அமைத்தார். 1934 ஏப்ரல் 24 அன்று பதிவு; ஜூலை 31 அன்று தொடக்க விழா; முதல் உறுப்பினர் 65 பேர். சாகா முதலியோர் 1935 ஜனவரியில் கல்கத்தாவில் தேசிய அறிவியற் கழகத்தைத் தொடங்கினர். ஒரு நாட்டுக்கு ஒரு பேரவை போதாதா என்று அன்றே பலர் கேட்டனர்; அலகாபாத்தில் முன்னரே ஒன்று இருந்தது. மூன்றும் இன்றும் தனித்தனியே இயங்குகின்றன. சாதிச் சங்கம் உடைந்து இரண்டாவதைப் படித்தவர்கள் எள்ளி நகையாடுவதுண்டு. அவர்கள் இவ்வரலாற்றையும் படிக்கலாம்.

பெங்களூர்ப் பேரவையில் பணங்கட்டி எவரும் சேர இயலாது. உறுப்பினர்களே புதிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பர். கல்கத்தாவில் நிகழ்ந்தது அங்கு நிகழ வழியில்லை. இராமனே அதன் தலைவர். 1970 நவம்பரில் மறையும் வரை அவரே தலைவர். முப்பத்தாறு ஆண்டுகள்! அவர் அறிவுக்கும் உழைப்புக்கும் நாம் தலைவணங்குகிறோம். ஆயினும் நம் சங்கத்தில் எவரும் இதனை முன்மாதிரியாகக் கொள்ளவேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறோம்.

அதே பேரவை, தொடங்கிய மறு ஆண்டிலேயே, 1935-இல், இ. கே. ஜானகி அம்மாளை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. தலைச்சேரியில் தீயர் குலத்திற் பிறந்தவர் அவர். மலையாள நாட்டில் அக்குலத்தார் தீண்டாமைக்கு உட்பட்டிருந்தனர். கோயம்புத்தூர்க் கரும்பு ஆய்வு நிலையத்தில் கரும்பின் மரபியலை ஆராய்ந்து கொண்டிருந்தார். இலண்டன் இராயல் சங்கமோ 1660-இல் தோன்றியும் 1945-இல்தான் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தது. அதற்குப் பத்தாண்டு முன்னரே நம் நாட்டுப் பேரவை ஒன்று அதனைச் செய்துவிட்டது. இராமன் பெண்களுக்கு வழிவிட்டவர் என்று இதனாற் கொண்டாட இயலுமா? இரண்டாண்டு முன்னர், 1933-இல், கமலா பாகவத் என்னும் மாணவி முதன்மையாகத் தேறிப் பெங்களூர்க் கழகத்திற்கு விண்ணப்பித்தபோது, பெண் என்ற காரணத்தால் மறுத்தவரும் அவரே. அம்மாணவி விடாது வற்புறுத்தியதன் பின்னரே, தகுதிகாண் நிலையிற் சேர்த்துக்கொள்ளப்பட்டார். கமலா சோஹோனி என்று பின்னாளில் அறியப்பட்ட அவர் 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவரானார். ஒரே மனிதர் ஒரு கதவைத் திறந்தார், மற்றொன்றை அடைத்தார். மனிதர் மனநிலையைப் பொறுத்துக் கதவு திறப்பதும் அடைப்பதுமாக இருத்தலாகாது என்பதற்காகவே விதிகள் எழுதப்படுகின்றன.

தகுதி பார்த்தே சேர்க்க வேண்டும் என்னும் கட்சிக்கும் வலுவான சான்று உண்டு. அதனை மறைத்தல் முறையாகாது. இராயல் சங்கத்தில் ஒரு காலத்தில் பிரபுக்களும் செல்வருமே பாதிக்கு மேல் இருந்தனர். 1847-இல் விதியை மாற்றி, ஆண்டொன்றுக்குப் பதினைந்து பேரை மட்டுமே, அறிவியற் பணி நோக்கித் தேர்ந்தெடுப்பது என்று வகுத்தனர். வாயில் குறுகியது, சங்கமோ உயர்ந்தது. அங்கே குறுகிய வாயில் செல்வரைத் தடுத்தது. எளியோரைத் தடுக்கும் குறுகிய வாயிலை அதனோடு ஒப்பிடலாகாது.

வாயில் எவ்வாறு குறுகுகிறது என்பதை நம்முள் ஒருவர் அனுபவத்தால் அறிவார். கல்லூரியில் அறிவியல் பயின்ற நாளில் நகரத்துக் கழகம் ஒன்றில் சேர விரும்பிச் சென்றார். சாதி எவரும் கேட்கவில்லை. சந்தாவும் பெரிதன்று. முன்னரே உறுப்பினராயுள்ள இருவர் முன்மொழிந்து கையொப்பமிட வேண்டும் என்றார்கள், அவ்வளவே. பட்டியலைப் பார்த்தார். அறிந்த பெயர் ஒன்றுமில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாயிலில் நின்று பார்த்தார். மூன்றாம் ஞாயிறு செல்லவில்லை. அவ்விதியில் தீய சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் நம் தெருவிலிருந்து எவரும் அதற்குள் புகுந்திருக்க முடியாது. நம் பழைய விதிகளிலும் அதே வாசகம் இருக்கக் கண்டபோது நாமே திடுக்கிட்டோம், எங்கிருந்தோ படியெடுத்திருக்கிறோம்!

சந்தாவும் ஒரு வாயிலே. 1907-இல் துணைக் கலெக்டர் வி. இராமசாமி ஐயர் தொடங்கிய கணிதச் சங்கத்தின் ஆண்டுச் சந்தா 25 ரூபாய். அயல்நாட்டுக் கணித இதழ்களை வாங்கி அஞ்சல்வழி உறுப்பினர்க்குச் சுற்றுக்கு விடுவது அதன் பணி. 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த இராமானுஜனின் மாதச் சம்பளம் 30 ரூபாய். ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தைச் சந்தாவாகக் கொடுக்கவல்ல எழுத்தர் எத்தனை பேர் இருப்பர்? ஆயினும் அச்சங்கம் 1909 முதல் நடத்திய இதழில், கணக்கு வினா எழுப்பும் பகுதி இருந்தது. 1911-இல் இராமானுஜன் அதில் வினாக்களை எழுப்பினார், கட்டுரையும் எழுதினார். துறைமுக அலுவலகத்தில் அவர்க்கு மேலாளராக இருந்து ஊக்கிய எஸ். நாராயண ஐயர் அச்சங்கத்தின் பொருளாளர். முன்னர் நம் திருச்சித் தூய வளனார் கல்லூரியிற் கணிதம் கற்பித்தவர். சந்தா வாயில் உயர்ந்திருந்தபோதும் இதழ் வாயில் தாழ்ந்திருந்தமையால் உலகிற்கு இராமானுஜன் கிடைத்தார். ஒரு சங்கத்திற்கு வாயில்கள் பல இருக்கலாம் என்பதை இதிலிருந்து கற்றுக்கொண்டோம்.

அண்ணல் அம்பேத்கர் இதனை எவ்வாறு கையாண்டார் என்பதும் நோக்கத்தக்கது. 1924-இல் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை அமைத்தபோது, சர் சிமன்லால் செதல்வாத் போன்ற பிற சமுதாயப் பெரியோரைத் தலைவர் முதலிய பதவிகளில் அமர்த்தினார். நிர்வாகக் குழுவின் தலைமையைத் தாமே ஏற்றார். புரவலர்க்கு மதிப்பு, வேலை செய்வோர் கையில் ஆட்சி. சர்க்காரின் சங்கம் முப்பதாண்டு தூங்கியதற்கும் இச்சபை முதலாண்டிலேயே விடுதியும் படிப்பகமும் என்று வேலையில் இறங்கியதற்கும் உள்ள வேறுபாட்டை இதிற் காணலாம்.

நம் அண்டையிலேயே ஒரு சான்று உண்டு. 1980-இல் சென்னையில் ஆய்வாளரும் பேராசிரியரும் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், முதலில் படித்தோர் கூடிப் பேசும் சிறு குழுவாகவே இருந்தது. 1987-இல் நாடு தழுவிய அறிவியற் கலைப்பயணம் நடந்தபோது ஊர் ஊராகச் சென்றது. அவ்வாண்டே சிறுவர்க்காகத் துளிர் இதழும் தோன்றியது. பள்ளி ஆசிரியர் வந்தனர். பிறகு மாணவர் வந்தனர். பின்னர்ப் புதுக்கோட்டையில் நடந்ததுதான் எவரும் எதிர்பாராதது. 1948 முதல் 1974 வரை நம் திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த நிலம் அது. 1991, 1992 ஆம் ஆண்டுகளில் அங்கு அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் சீலா ராணி சுங்கத் அம்மையாரும் அறிவியல் இயக்கத்தாரும் சேர்ந்து உழைத்தனர். கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைப் பெண்களும் மாலையில் அரிக்கேன் விளக்கடியில் எழுத்துக் கற்றனர், மிதிவண்டியும் கற்றனர். ஊதியமின்றிக் கற்பித்த தொண்டர்களும் பெரும்பாலும் அவ்வூர்ப் பெண்களே. கற்றவர் கற்பிப்பவராயினர், கற்பித்தவர் இயக்கத்தை நடத்துவோராயினர். கல்குவாரிக் குத்தகை பெண்கள் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டதும் அக்காலத்திலேயே. அறிவியல் இயக்கம் என்னும் பெயரைக் கேட்டு இயற்பியற் பட்டம் கேட்டிருப்பின், இவருள் ஒருவரும் உள்ளே வந்திரார். இங்கே வேலை முதலில் வந்தது. உறுப்புரிமை அதன்பின் தானே வந்தது. கல்கத்தாவில் 1934-இல் நடந்ததற்கு இது நேர்மாறானது.

சங்கங்களைப் பதிவு செய்ய 1860-இல் ஆங்கில அரசு இயற்றிய சட்டம், இலக்கியம், அறிவியல், அறம் ஆகியவற்றின் பொருட்டு ஏழு பேர் சேர்ந்தால் போதும் என்றது. தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் உள்ளது. ஏழு பேர் என்பது தொடங்குவதற்கு. அவ்வேழு பேரே இருபத்தைந்து ஆண்டு கழித்தும் மேடையில் அமர்ந்திருந்தால் அது சங்கமன்று, குடும்பம். நம்மிலும் அவ்வாறு அமர்ந்திருப்போர் உளர். இக்கட்டுரை எழுதுவோரும் அவருள் அடங்குவர்.

ஆகவே விதித் திருத்தக் குழு கீழ்க்கண்டவாறு வரைந்திருக்கிறது. கல்வித் தகுதி எதுவும் கேட்கப்படாது. கையெழுத்திட இயலாதோர் கைந்நாட்டு வைத்துச் சேரலாம், எழுத்துக் கற்பிப்பது சங்கத்தின் கடமை. முன்மொழிவோர் இருவர் என்னும் வாசகம் நீக்கப்படும். ஆண்டுச் சந்தாவை மாதந்தோறும் பன்னிரண்டு பகுதியாகச் செலுத்தலாம். கணவர் உறுப்பினராயின் மனைவிக்குத் தனிச் சந்தா வேண்டா என்று ஒருவர் கூறினார். வேண்டும், தனிப் பெயரும் தனி வாக்கும் வேண்டும் என்று மகளிர் பகுதியினர் மறுத்தனர். அவர் கூற்றே ஏற்கப்பட்டது. சேர்ந்து ஓராண்டு நிறைவுற்ற பின்னரே வாக்குரிமை. அவ்வோராண்டில் இரவுப்பள்ளி, நூலகம், மாணவர் விடுதி ஆகியவற்றுள் ஒன்றில் சிறிதேனும் வேலை செய்திருத்தல் வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளில் ஒருவர் தொடர்ந்து இருமுறைக்கு மேல் இருத்தலாகாது.

ஓராண்டுக் காத்திருப்பைச் சில இளைஞர்கள் எதிர்க்கின்றனர். பழையவர்கள் தம் இடத்தைக் காத்துக்கொள்ளும் சூழ்ச்சி என்பது அவர்கள் வாதம். அவர்கள் ஐயம் தவறென்று நாம் கூறோம். இராமனும் சங்கத்தின் நன்மைக்கே என்றுதான் எண்ணியிருப்பார். ஆறு திங்கள் போதும் என்பதும், வேலை செய்த சான்றை எவர் எழுதுவது என்பதும் இன்னும் முடிவாகவில்லை. சான்றெழுதும் அதிகாரம் செயலாளர் ஒருவரிடம் இருந்தால் பழைய வாயிற்காப்போன் புதிய உடையில் வந்ததாகிவிடும் என்று ஓர் இளைஞர் கூறியதைக் குழு மறுக்க முடியவில்லை. இரவுப்பள்ளி மாணவரே சான்றளிக்கலாம் என்பது அவர் யோசனை.

இவையெல்லாம் பொதுக்கூட்டத்தில் வாக்குக்கு விடப்படும். அதுவரை உறுப்பினர் ஏடு சங்க நூலகத்தின் முன்மேசையில், பூட்டின்றி, திறந்தே வைக்கப்பட்டிருக்கும். மாலை 6 மணி முதல் 8 மணி வரை எவரும் வந்து தம் பெயரும் தந்தை பெயரும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வாசிக்க இயலாதோர்க்கு வாசித்துக் காட்ட இரவுப்பள்ளி மாணவர் இருவர் அங்கே இருப்பர்.